எந்த ட்ரையர் வாங்கலாம்? சரக்கைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

சேலம் பக்கம் ஒரு மரவள்ளி மாவு ஆலையில் ஃப்ளாஷ் ட்ரையர் ஓட்டிக் கொடுக்கப் போயிருந்தோம். ஈர மாவைச் சூடான காற்றோடு குழாயில் பறக்கவிட்டுச் சில விநாடிகளில் காயவைக்கும் இயந்திரம் அது. இரண்டாம் நாள் சாயங்காலம் காற்றைத் தள்ளும் புளோயர் முனக ஆரம்பித்தது. நிறுத்தி, ஆறவிட்டு, முதல் வளைவில் இருந்த சின்னக் கதவைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி மாதிரி ஓர் ஓடு. மாவு வெந்து பசையாகிச் சுவரில் ஒட்டி, அங்கேயே காய்ந்து, அதன் மேல் மறுபடி ஒட்டி, இரண்டு விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்த்து எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

ட்ரையரில் ஒரு பழுதும் இல்லை. ஆர்டர் தாளில் ‘உள்ளே வரும் மாவின் ஈரம் 36%’ என்று எழுதியிருந்தோம். வந்துகொண்டிருந்ததோ 44%. மாவை வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வடிக்கும் சென்ட்ரிஃபியூஜில் இருந்த துணி பழசு, தண்ணீர் சரியாக வடியவில்லை. அந்த 36-ஐ யாரும் அளக்கவில்லை. நானும்தான். பேச்சுவாக்கில் சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

எட்டுப் புள்ளிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 36% ஈரத்தோடு 1000 கிலோ மாவு வந்தால் அதில் உலர்ந்த மாவு 640 கிலோ. அதை 13% ஈரத்துக்குக் காயவைத்தால் 736 கிலோ சரக்கு கிடைக்கும், ஆவியாக்க வேண்டிய தண்ணீர் 264 கிலோ. அதே 640 கிலோ மாவு 44% ஈரத்தோடு வந்தால் உள்ளே போவது 1143 கிலோ, விரட்ட வேண்டிய தண்ணீர் 407 கிலோ. வெளியே வரும் சரக்கு அதேதான், தண்ணீர் மட்டும் ஒன்றரை மடங்கு. எந்த இயந்திரம் தாங்கும்?

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ட்ரையர் நல்லது?” நான் திருப்பிக் கேட்பது, “உங்கள் சரக்கில் எவ்வளவு தண்ணீர், அது எங்கே இருக்கிறது?” இதற்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசி ட்ரையர்கள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும். அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: அளப்பது

ஒரு சின்ன ஹாட் ஏர் அவன் (சூடான காற்று அடுப்பு), கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு, நாலைந்து அலுமினியக் கிண்ணங்கள். இவ்வளவுதான் தேவை. ஈரச் சரக்கை எடைபோட்டு 105 டிகிரியில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவிட்டு மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். சர்க்கரைச் சத்தோ மணமுள்ள எண்ணெயோ இருக்கும் சரக்கை 105-இல் வைத்தால் தண்ணீரோடு வேறு சிலவும் போய்விடும். அதற்குக் குறைந்த சூட்டில் வெற்றிட அவன் வேண்டும்.

ஒரே நாளில் ஒரே கிண்ணம் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். காலை ஷிஃப்டு, இரவு ஷிஃப்டு, துணி மாற்றிய அன்று, மாற்றாத அன்று என்று பத்து நாளாவது எடுங்கள். சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் ட்ரையரைத் தேர்வுசெய்ய வேண்டியது அந்தப் பத்தில் மிக மோசமான எண்ணை வைத்துத்தான்.

இதில் ஒரு பழைய குழப்பம் உண்டு. ஈரத்தைச் சொல்ல இரண்டு கணக்கு இருக்கிறது. மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்பது ஒன்று, உலர்ந்த பொருளுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது மற்றொன்று. 100 கிலோவில் 50 கிலோ தண்ணீர் என்றால் முதல் கணக்கில் 50%, இரண்டாவதில் 100%. அரிசி ஆலைக்காரர் பேசுவது முதல் கணக்கு. ஸ்பின்னிங் மில்லில் பருத்திக்கு 8.5% ‘ரீகெயின்’ என்பார்களே, அது இரண்டாவது. ட்ரையர் விற்கிறவர் எதில் பேசுகிறார் என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: சூடாக்கும் முன் பிழிந்துவிடுங்கள்

ஈர வேட்டியைச் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவோமா? முறுக்கிப் பிழிந்துதான் போடுவோம். ஆலையில் மட்டும் ஏனோ இது மறந்துபோகிறது.

சாயக்கழிவுச் சேறு, தென்னை நார்க்கழிவு மாதிரி சரக்கு என்று வைத்துக்கொள்வோம். உலர்பொருள் மணிக்கு 300 கிலோ. 70% ஈரத்தில் வந்தால் உள்ளே போவது 1000 கிலோ. 10%-க்குக் காயவைக்க 667 கிலோ தண்ணீர் போக வேண்டும். ஃபில்டர் பிரஸ்ஸோ ஸ்க்ரூ பிரஸ்ஸோ போட்டு 60%-க்குக் கொண்டுவந்துவிட்டால் போக வேண்டியது 417 கிலோதான்.

தண்ணீரை ஆவியாக்க ஏட்டுக்கணக்கில் கிலோவுக்குச் சுமார் 540 கிலோகலோரி. புகைபோக்கியில் போவது, சுவர் வழியே கசிவது, அடுப்பில் வீணாவது எல்லாம் சேர்த்து நான் 1000 என்றே வைத்துக்கொள்வேன். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 3000-க்குக் கொஞ்சம் மேலே தரும். ஆக, ஒரு கிலோ விறகுக்கு மூன்று கிலோ தண்ணீர். மேலே சொன்ன 250 கிலோ வித்தியாசம் மணிக்கு 83 கிலோ விறகு. நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் ஒன்றரை டன்னுக்கு மேல். பிரஸ் ஓட்டும் மோட்டாரின் கரண்ட் செலவு இதற்குப் பக்கத்திலேயே வராது.

திரவச் சரக்குக்கும் இதே கதைதான். பாலில் திடப்பொருள் 12-13% இருக்கும். பால்பவுடர் ஆலையில் அதை நேராக ஸ்ப்ரே ட்ரையரில் (சூடான காற்றில் சிறு துளிகளாகத் தெளித்துக் காயவைப்பது) அடிப்பதில்லை. பல அடுக்கு எவாப்பரேட்டரில் சுண்டவைத்து 45-50%-க்குக் கொண்டுவந்த பிறகுதான் அடிக்கிறார்கள். அங்கே ஒரு கிலோ நீராவி பல கிலோ தண்ணீரை விரட்டும், ஸ்ப்ரே ட்ரையரில் அப்படி நடக்காது.

மூன்றாவது: கைப்பிடிச் சோதனை

இதற்கு இயந்திரம் வேண்டாம், சமையல்கட்டு ஞானம் போதும். ட்ரையருக்குள் போகப்போகிற நிலையில் சரக்கை ஒரு கைப்பிடி எடுங்கள். சூடான சரக்கு, ரசாயனம் என்றால் கையுறையோடு.

மோர் மாதிரி ஓடுகிறதா? இட்லி மாவு மாதிரி மெல்ல வழிகிறதா? கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டையாகி விரலில் ஒட்டுகிறதா? புட்டு மாவு மாதிரி, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர்கிறதா? ரவை மாதிரி மணிமணியாக நழுவுகிறதா? அல்லது முருங்கை இலை, மஞ்சள் கிழங்கு மாதிரி உருவம் மாறக் கூடாத துண்டுச் சரக்கா?

மோர் என்றால் ஸ்ப்ரே ட்ரையர், அல்லது சூடான உருளையில் மெல்லிய படலமாகப் பூசிச் சுரண்டி எடுக்கும் டிரம் ட்ரையர். இட்லி மாவு பதம் பம்ப் ஆகும் என்றால் அதே இரண்டுதான், ஆகாவிட்டால் இன்னும் கொஞ்சம் வடித்துவிட்டு வாருங்கள். புட்டு மாவு பதம் ஃப்ளாஷ் ட்ரையருக்கென்றே பிறந்தது. ரவை பதத்துக்கு ஃப்ளூயிட் பெட், நம் ஊரில் எல்லோரும் சொல்லும் எஃப்.பி.டி. நீலகிரித் தேயிலை ஆலைகளில் நொதித்த தூளை 3% அளவு ஈரத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இதில்தான். கீழிருந்து வரும் காற்றில் சரக்கு கொதிக்கிற கஞ்சி மாதிரி புரண்டுகொண்டே காயும். துண்டும் இலையுமானால் தட்டுகளில் பரப்பும் டிரே ட்ரையர் அல்லது நகரும் பட்டையில் பரப்பும் பெல்ட் ட்ரையர்.

வம்பு பிடித்தது கொழுக்கட்டை மாவு. காற்றில் மிதக்காது, தட்டில் பரப்பினால் மேலே தோல் கட்டும், உருட்டினால் பந்தாகும். இதற்கு மூன்று வழி உண்டு. ஏற்கெனவே காய்ந்த சரக்கில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக் கலந்து புட்டு மாவு பதத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. இதைச் செய்தால் பல நேரம் ஃப்ளாஷ் ட்ரையரே போதும். துடுப்புகள் சுழலும், உள்ளே நீராவியோ சூடான எண்ணெயோ ஓடும் பேடில் ட்ரையர் இரண்டாவது. அடியில் கத்தி சுற்றி உடைத்துக்கொண்டே காயவைக்கும் ஸ்பின் ஃப்ளாஷ் மூன்றாவது.

ஒரு எச்சரிக்கை. கழிவுச் சேறு போன்ற சில சரக்கு உள்ளே போகும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், பாதி காயும்போது கோந்தாகிவிடும். திடப்பொருள் 40 முதல் 60% வரை வரும் இடத்தில்தான் இந்த ஒட்டல். அதனால் ஈர நிலையில் மட்டும் பிடித்துப் பார்த்தால் போதாது. ஒரு வாணலியில் போட்டு மெல்லச் சூடாக்கிக் கிளறிக்கொண்டே பாருங்கள். எந்த இடத்தில் கரண்டி நகர மறுக்கிறது என்று கை சொல்லிவிடும்.

நான்காவது: தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

மேல்பரப்பில் நிற்கும் தண்ணீர் வேகமாகப் போகும். அது இருக்கும்வரை சரக்கு அவ்வளவாகச் சூடேறாது, மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பது போலத்தான். 150 டிகிரிக் காற்று பட்டாலும் ஈர மாவின் சூடு 45 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மரவள்ளி மாவு 60 டிகிரியை நெருங்கினாலே வேக ஆரம்பிக்கும் சரக்கு. ஆனாலும் 150 டிகிரிக் காற்றில் சில விநாடிகளில் காய்ந்து வெள்ளையாக வெளியே வருவது இதனால்தான். கட்டி பெரிதாக இருந்தாலோ சுவரில் ஒட்டி நின்றாலோ இந்தக் காவல் போய்விடும். நான் உளியால் பெயர்த்தது அதைத்தான்.

உள்ளே அடைபட்ட தண்ணீர் வேறு ஜாதி. அது நடுவிலிருந்து மேற்பரப்புக்கு நடந்து வர நேரம் வேண்டும், சூட்டைக் கூட்டி அவசரப்படுத்த முடியாது. புழுங்கல் அரிசி ஆலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவைத்தால் அரைக்கும்போது நொய்யாக உடையும். அதனால் 16-18% ஈரத்தில் நிறுத்தி, சில மணி நேரம் குவித்துப் போட்டுவிடுவார்கள். உள் ஈரம் மேலே வந்து பரவிய பிறகு இரண்டாம் சுற்று ஓட்டி 12-14%-க்குக் கொண்டுவருவார்கள். பழத்துண்டு, கிழங்குச் சீவல் எல்லாம் அவசரப்பட்டால் மேலே ஓடு கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மூட்டை கட்டிய பத்தாம் நாள் பூஞ்சை பிடிக்கும்.

உங்கள் சரக்கு எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ள, தட்டில் ஒரு செ.மீ. உயரம் பரப்பி அவனில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை எடை பார்த்து வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். எடை நேர்கோடாக இறங்கும்வரை மேற்பரப்புத் தண்ணீர். கோடு வளைந்து படுக்க ஆரம்பித்த இடத்திலிருந்து உள் தண்ணீர். நேர்கோட்டிலேயே வேலை முடிந்தால் ஃப்ளாஷ் போன்ற விநாடிக்கணக்கு ட்ரையர் போதும். வளைந்த பகுதி நீளமாக இருந்தால் எஃப்.பி.டி., ரோட்டரி (சுழலும் பெரிய உருளை), பெல்ட், டிரே என்று சரக்கு உள்ளே தங்கும் நேரம் கூடுதலாக உள்ளவற்றைப் பார்க்க வேண்டும். ஃப்ளாஷில் சரக்கு இருப்பது சில விநாடி, எஃப்.பி.டி.யில் நிமிடங்கள், ரோட்டரியில் அரை மணி வரை அல்லது அதற்கும் மேல், டிரேயில் ஒரு ஷிஃப்டே ஆகிவிடும்.

சூடு தாங்காத சரக்கு என்றால் இன்னொரு வாசல் உண்டு. காற்றழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும். வெற்றிட ட்ரையரின் சூட்சுமம் இதுதான். விலையும் பராமரிப்பும் கூடுதல், மருந்து மூலப்பொருளுக்குத் தகும். கீரைப் பொடிக்கு வேண்டியதில்லை. முருங்கை இலையை வெயில் படாமல், 50-55 டிகிரியில் நல்ல காற்றோட்டத்தில் காயவைத்தாலே பச்சை நிறம் நிற்கும்.

சரி, அப்புறம் எதை வாங்குவது?

முதல்முறை தொழில் தொடங்குகிறவருக்கு, சரக்கு நாளைக்கு நூறு இருநூறு கிலோ என்றால், தயங்காமல் டிரே ட்ரையர் என்பேன். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் நிறைய. ஆள் வேலை அதிகம், மேல் தட்டு காயும்போது கீழ்த் தட்டு ஈரமாக இருக்கும், நடுவில் தட்டுகளை இடம் மாற்ற வேண்டும், எல்லாம் உண்மைதான். ஆனால் சரக்கு மாறினாலும் அது வேலை செய்யும். இன்று முருங்கை, நாளை வெங்காயம், மறுநாள் இஞ்சி. சந்தை எது என்று தெரியாத முதல் வருடத்தில் இந்தச் சுதந்திரத்துக்கு மதிப்பு உண்டு. கரண்ட் ஹீட்டர் வைத்தது மட்டும் வேண்டாம். ஒரு யூனிட் 860 கிலோகலோரிதான், ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். வெளியேறும் காற்றின் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் ஹீட் பம்ப் வைத்ததில் அதே யூனிட்டுக்குச் சுமார் இரண்டு கிலோ போகும், ஆனால் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம்.

டன் கணக்கில் ஒரே சரக்கு, நாள் முழுக்க ஓட்டம் என்றால் மேலே கைப்பிடிச் சோதனையில் வந்த பதில்தான். ரோட்டரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நார்க்கழிவு, மணல், உரம் என்று கரடுமுரடான எதையும் தின்னும், அடிபட்டாலும் ஓடும். ஆனால் இடத்தை அடைக்கும், உணவுச் சரக்குக்கு உள்ளே கழுவுவது பெரும்பாடு.

திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று தேவைப்படும். எவாப்பரேட்டரில் சுண்டி மிஞ்சும் உப்புக் குழம்பைச் சூடான சுவரில் மெல்லியதாகப் பரப்பி, சுழலும் கத்தியால் சுரண்டிப் பொடியாக எடுக்கும் ஏ.டி.எஃப்.டி. (அஜிடேட்டட் தின் ஃபிலிம் ட்ரையர்) அது. அங்கே உலோகத் தேர்வில்தான் கவனம் வேண்டும். உப்பில் இருக்கும் குளோரைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எஸ்.எஸ். 304 வகையைப் பொத்தல் பொத்தலாக அரித்துவிடும், 316-கூடப் போதாத இடங்கள் உண்டு.

தீயைப் பற்றி யோசித்துவிடுங்கள்

விறகடுப்புப் புகையை நேராகச் சரக்கின் மேல் விடுவது நார்க்கழிவுக்குப் பரவாயில்லை. உணவுப் பொருளுக்குக் கூடாது, கரியும் வாடையும் ஏறும். புகை ஒரு பக்கமும் சுத்தமான காற்று மறுபக்கமும் ஓடும் ஹாட் ஏர் ஜெனரேட்டர் வேண்டும். நீராவி என்றால் பாய்லர் பதிவு, சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் என்று தனி வேலைகள் சேரும்.

மாவுத்தூசி காற்றில் பரவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள், வெறும் சர்க்கரைத்தூள்தான். மாவு, பால்பவுடர், மசாலா எதுவானாலும் காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் சைக்ளோனிலும் பேக் ஃபில்டரிலும் வெடிப்புக் கதவு (வெடித்தால் அழுத்தத்தை வெளியே விடுவது), எல்லா இரும்புக்கும் எர்த், ஃபில்டர் பைக்கு நிலைமின்சாரம் கடத்தும் துணி, இவற்றைக் கொட்டேஷனிலேயே கேளுங்கள். சரக்கில் இருப்பது தண்ணீர் இல்லை, ஆல்கஹால் போன்ற கரைப்பான் என்றால் சாதாரண டிரே ட்ரையரின் கதவைக்கூடத் திறக்காதீர்கள். மூடிய வெற்றிட ட்ரையரும், கரைப்பானைத் திரும்பப் பிடிக்கும் கண்டென்சரும் வேண்டும்.

சோதனை ஓட்டம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

பெரும்பாலான ட்ரையர் தயாரிப்பாளர்களிடம் சின்ன அளவுச் சோதனை இயந்திரம் இருக்கும். உங்கள் சரக்கை மூடி இறுக்கிய டிரம்மில் கொண்டுபோய், அங்கே போய்ச் சேர்ந்ததும் ஈரத்தை மறுபடி அளந்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் அடியில் தங்கிவிட்டிருந்தால் நீங்கள் பார்ப்பது வேறு சரக்கு.

பத்து நிமிடம் ஓட்டி ஒரு கிண்ணத்தில் பொடியைக் காட்டுவார்கள். அழகாக இருக்கும். ஒட்டல் தெரிய நேரமாகும், அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் பொடியைவிட இயந்திரத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வளைவுகள், சைக்ளோனின் கூம்பு, சரக்கு விழும் வாய். அங்கே கால் அங்குலம் படிந்திருந்தால் உங்கள் ஆலையில் ஒரு வாரத்தில் கை நுழையாது. போன உலர்பொருளையும் வந்த உலர்பொருளையும் எடைபோட்டு ஒப்பிடுங்கள். குறைந்ததெல்லாம் புகைபோக்கி வழியே போனதுதான்.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

‘மணிக்கு ஒரு டன்’ என்று எழுதிய கொட்டேஷனை அப்படியே திருப்பிக் கொடுங்கள். மணிக்கு எத்தனை கிலோ தண்ணீரை ஆவியாக்கும், எந்த ஈரத்திலிருந்து எந்த ஈரத்துக்கு, உள்ளே வரும் காற்றின் சூடு, வெளியேறும் காற்றின் சூடு, கிலோ தண்ணீருக்கு எவ்வளவு எரிபொருள், மோட்டார்கள் எல்லாம் சேர்த்து எத்தனை ஹெச்.பி. இவை எண்களாக வர வேண்டும். இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிட இதைவிட்டால் வேறு வழி இல்லை. விலை குறைந்ததில் பெரும்பாலும் ஏதாவது விடுபட்டிருக்கும். பேக் ஃபில்டர், இன்சுலேஷன், சரக்கை உள்ளே தள்ளும் ஃபீடர் மூன்றில் ஒன்று. ஃபீடர் சீராகத் தள்ளாவிட்டால் எவ்வளவு நல்ல ட்ரையரும் ஒரு நிமிடம் கருக்கும், மறுநிமிடம் ஈரமாகத் துப்பும்.

எந்தப் பருவத்துக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். 30 டிகிரியில் காற்று முழுதாக நனைந்திருந்தால் கிலோவுக்கு 27 கிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டேதான் உள்ளே வரும். 150 டிகிரி ட்ரையருக்கு இது பெரிதாகத் தெரியாது. 50 டிகிரியில் ஓடும் டிரே ட்ரையருக்கு நன்றாகவே தெரியும். பங்குனி வெயிலில் எட்டு மணி நேரத்தில் காய்ந்தது ஐப்பசியில் பன்னிரண்டைத் தொடும்.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. பணத்தில் பத்து சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். ஓட்டிக் காட்டும் நாளில் பழைய துணியைச் சென்ட்ரிஃபியூஜிலேயே விட்டுவிட்டு, வரும் சரக்கை நீங்களே அளந்து, ஒப்புக்கொண்ட மோசமான ஈரத்தில் மூன்று ஷிஃப்டு ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த சூட்டு ட்ரையர் என்றால் இந்தச் சோதனையை மழை பெய்யும் ஒரு நாளில் வைத்துக்கொள்வதாகப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விற்கிறவர் முகம் சுளிப்பார், ஆனால் தன் கணக்கில் நம்பிக்கை உள்ளவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.